இருவர் போன பயணம்: ஆல்பமா, டைரியா, ஒலிப்பதிவா, மறுபடியும் போவதா?

வெளிநாடு போய்வந்த தம்பதிகள் அடிக்கடி கேட்பது இது: போனில் ஆயிரக்கணக்கில் படம் கிடக்கிறது, அச்சடித்து ஆல்பம் போடலாமா, வீடியோவாகத் தொகுக்கலாமா, அடுத்த முறை டைரி எழுதிப் பார்க்கலாமா? எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றையும் முடிப்பதில்லை. அதனால் ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருவர் சேர்ந்து போன பயணத்துக்கு ஒரே நினைவு கிடையாது, இரண்டு உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய சகாக்களும் 1985-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். நெருங்கி வாழும் இருவர் நினைவு வைக்கும் வேலையைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருவருக்கு வழி நினைவிருக்கும், இன்னொருவருக்கு ஆட்களின் பேர் நினைவிருக்கும். "அந்தப் பாலம் தாண்டி எந்தப் பக்கம் திரும்பினோம்ங்க?" என்று கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்பதாலேயே நாம் அதை மனதில் ஏற்றிக்கொள்வதில்லை. பாதி பயணம் நம்மிடம், மீதி அவரிடம். ஆகவே எந்த வழியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, அதில் இருவருடைய பாதியும் இருக்கிறதா என்பதைத்தான்.

எதை வைத்து எடை போடுவது

இருவர் குரல் என்பது முதல் அளவுகோல். அடுத்தது ஆயுள்: இருபது வருடம் கழித்து அது திறக்குமா, படிக்க முடியுமா? மூன்றாவது வேலை. இதில் பலர் ஏமாறுகிறார்கள். பயணத்தின்போது செய்யும் வேலை வேறு, திரும்பி வந்த பிறகு செய்யும் வேலை வேறு. வந்த பிறகு என்று தள்ளிப்போட்ட வேலை பொதுவாக நடப்பதில்லை. நான்காவது, அந்த முயற்சி பயணத்தையே தின்னுமா என்பது. கடைசியாக, வீட்டுக்கு வந்தபின் அதை எத்தனை முறை எடுத்துப் பார்ப்பீர்கள் என்பது. செலவைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஒவ்வொரு வழியிலும் அது வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது, அங்கங்கே சொல்கிறேன்.

| வழி | இருவர் குரல் | ஆயுள் | பயணத்தின்போது வேலை | வந்த பிறகு வேலை | எடுத்துப் பார்ப்பது |
|---|---|---|---|---|---|
| போன், கிளவுட் | படம் எடுத்தவர் கண் மட்டும் | கணக்கு இருக்கும்வரை | இல்லை | தேடுவதே வேலை | அரிது |
| அச்சு ஆல்பம் | சேர்ந்து தேர்ந்தெடுத்தால் உண்டு | நீண்டது | குறைவு | மிக அதிகம் | அடிக்கடி |
| இருவர் டைரி | முழுமையாக | நீண்டது | தினமும் கொஞ்சம் | இல்லை | எப்போதாவது, ஆனால் ஆழமாக |
| ஒலிப்பதிவு | பேச்சாகவே | நகல் இருந்தால் | மிகக் குறைவு | குறைவு | எப்போதாவது |
| தொகுத்த வீடியோ | கேமரா பிடித்தவருடையது | நகல் இருந்தால் | அதிகம் | மிக அதிகம் | முதல் வருடம் மட்டும் |
| நினைவுப் பொருள் | கதை சேர்ந்தால் உண்டு | பொருளைப் பொறுத்தது | சுமை | இல்லை | தினமும், கவனிக்காமலே |
| மறுபடி போவது | புதிதாக உருவாகும் | பழையதைக் கொஞ்சம் மறைக்கும் | முழுப் பயணம் | – | – |

போனிலேயே விட்டுவைப்பது

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். பெரும்பாலோர் எடுப்பதும் இதைத்தான். இலவசம் என்று தோன்றும். ஆனால் கூகுள் போட்டோஸ் அளவில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1-உடன் நிறுத்திவிட்டது. இப்போது கிடைக்கும் 15 ஜிபி மின்னஞ்சலுக்கும் சேர்த்துத்தான். அதைத் தாண்டினால் வாழ்நாள் முழுக்கச் சந்தா. இரண்டு வருடம் தொடாத கணக்கை நீக்கும் கொள்கையும் அந்த நிறுவனத்திடம் உண்டு.

பணத்தைவிடப் பெரிய சிக்கல், படங்கள் ஒருவர் பேரில் இருப்பது. அவர் கணக்கைத் திறக்க முடியாத நிலை வந்தால் இருவர் பயணமும் பூட்டிக்கொள்ளும். ஆப்பிளில் 'லெகசி கான்டாக்ட்', கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று இதற்காகவே வசதி இருக்கிறது. ஒருவர் பேரை இன்னொருவர் அதில் சேர்த்துவைக்கச் சில நிமிடங்கள் போதும்.

இன்னொன்று: ஒருவர் எடுத்த படத்தை மற்றவருக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து உதிர்ந்துவிடும். வருடம் கழித்து அடுக்கும்போது எல்லாம் அனுப்பிய தேதியில் வந்து நிற்கும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது இருவரும் படம் சேர்க்கக்கூடிய ஒரு பொது ஆல்பத்தைப் போனிலேயே திறந்துவிடுங்கள். தனிக் கேமரா கொண்டு போகிறவர்கள் தரையிறங்கியதும் அதன் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. போன் தானாக மாறிக்கொள்ளும், பெரும்பாலான கேமராக்கள் மாறாது. மாற்றாவிட்டால் காலைப் படங்களுக்கு நடுவே மாலைப் படங்கள் புகுந்துவிடும்.

சின்னப் பயணம், அல்லது வந்ததுமே வாழ்க்கை மும்முரமாகிவிட்ட நேரம் என்றால் இதுவே போதும். ஆனால் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

அச்சு ஆல்பம்

மேசையில் கிடக்கும் ஆல்பத்தை வருகிறவர்கள் எடுத்துப் புரட்டுகிறார்கள். அவர்களுக்குக் கதை சொல்லும் சாக்கில் நாமும் ஒருமுறை போய்வருகிறோம். எடுத்துப் பார்ப்பது என்ற அளவுகோலில் இதற்கு இணை கிடையாது.

தரத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். எட்டுக்குப் பத்து அங்குலப் பக்கத்தை முழுதாக நிரப்ப, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2400-க்கு 3000 பிக்சல் போதும். இன்றைய போன்கள் எல்லாமே அதற்கு மேல். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம்தான் அச்சில் பல்லிளிக்கும். இரண்டு பக்கத்துக்கும் நீளும் அகலக் காட்சிகள் நிறைய இருந்தால், பக்கம் தட்டையாக விரியும் பைண்டிங்கைக் கேளுங்கள். சாதாரண பைண்டிங்கில் நடு மடிப்பு ஒரு பகுதியை விழுங்கிவிடும், அந்த இடத்தில் ஒருவர் முகம் இருந்தால் போச்சு.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். ஆயிரம் படத்திலிருந்து எண்பதைப் பொறுக்குவது உட்கார்ந்த இடத்தில் முடிகிற காரியம் இல்லை. இருவருக்கும் பிடித்தவை ஒன்றாகவும் இருக்காது. நடைமுறையில் யார் பொறுமைசாலியோ அவர் உட்கார்ந்து செய்கிறார், ஆல்பம் அவருடைய பயணமாகிவிடுகிறது. இதற்கு நான் கண்ட நல்ல வழி, பக்கங்களைப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. உங்கள் பக்கத்தில் நீங்கள் வைப்பதை அவர் கேட்கக்கூடாது, அவர் பக்கத்தில் நீங்கள் கை வைக்கக்கூடாது. என் கணவர் தன் பாதியில் ஒரு முழுப் பக்கத்தை போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துப் பழைய டிராம் ஒன்றின் பித்தளைக் கைப்பிடிக்குக் கொடுத்திருக்கிறார். நான் அந்தக் கைப்பிடியைப் பார்த்ததாகவே நினைவில்லை. இப்போது ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

அச்சுக்குப் போன வடிவத்தை பிடிஎஃப் ஆகச் சேமித்துவையுங்கள். ஆல்பம் ஒரே பிரதி, தண்ணீர் பட்டால் அதோடு சரி.

பெரிய பயணம், நீண்டநாள் கனவு கண்டு போனது, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் காட்ட வேண்டியது என்றால் ஆல்பம்தான் சரி. வருடாவருடம் போகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஆல்பம் போட நினைத்தால் மூன்றாவதில் நின்றுவிடும்.

இருவர் எழுதும் ஒரே டைரி

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

ஒரு நோட்டு. இடது பக்கம் ஒருவர், வலது பக்கம் இன்னொருவர். இரவு படுக்குமுன் ஆளுக்கு நாலைந்து வரி. மற்றவர் எழுதியதைப் பயணம் முடியும்வரை படிக்கக்கூடாது என்பது ஒன்றுதான் விதி.

லிஸ்பனில் 28-ஆம் எண் டிராமில் அல்ஃபாமா என்ற பழைய பகுதியின் மேட்டில் ஏறிய மாலையைப் பற்றி எங்கள் நோட்டில் இரண்டு பக்கம் இருக்கிறது. அவர் பக்கத்தில், ஓட்டுநர் வளைவுக்கு முன்னால் மணியை எப்படி இரண்டு தட்டு தட்டினார், மர ஜன்னல் சட்டம் ஒவ்வொரு வளைவிலும் எப்படி முனகியது, சுவருக்கும் டிராமுக்கும் நடுவில் ஒரு ஆள்கூட நிற்க முடியாத சந்து எது என்றெல்லாம் எழுதியிருக்கிறார். என் பக்கத்தில் டிராமே இல்லை. எதிர் இருக்கையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பாட்டியும், அவர் இறங்கும்போது என் தோளை லேசாக அழுத்திவிட்டுப் போனதும், மாடியில் காயப்போட்ட துணியிலிருந்து ஒரு சொட்டு என் கையில் விழுந்ததும்தான் இருக்கின்றன. ஒரே டிராம், ஒரே அரை மணி நேரம். எந்தப் படத்திலும் இவை இரண்டும் சேர்ந்து வந்திருக்காது.

யார் எதை எழுதுவது என்று பிரித்துக்கொள்ளாதீர்கள். "நீ ஊரைப் பத்தி எழுது, நான் செலவை எழுதுறேன்" என்பது ஒழுங்காகத் தோன்றும். வெக்னர் 1991-இல் காதலர்களையும் முன்பின் தெரியாதவர்களையும் ஜோடி ஜோடியாக வைத்து ஒரு சோதனை செய்தார். தங்கள் போக்கில் விட்டபோது காதலர்கள் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். யார் எந்தத் துறையை நினைவு வைக்க வேண்டும் என்று வெளியிலிருந்து பிரித்துக் கொடுத்ததும் அவர்கள் தெரியாத ஜோடிகளைவிடப் பின்தங்கினார்கள். இருவருக்குள்ளே ஏற்கெனவே ஓடும் பங்கீட்டை அந்த உத்தரவு குலைத்துவிட்டது. டைரிக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

டைரி காப்பாற்றுவது நடு நாட்களை. உச்சமான தருணமும் முடிவும்தான் ஓர் அனுபவத்தைப் பற்றிய நம் தீர்ப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கு அதில் அவ்வளவு இடமில்லை என்று உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1990-களில் செய்த ஆய்வுகள் காட்டின. மலை உச்சியும் கடைசி இரவும் எழுதாமலே நினைவிருக்கும். மழைக்கு ஒதுங்கிய செவ்வாய்க்கிழமை, ரயில் தவறியதால் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரம், இவையெல்லாம் எழுதினால்தான் உண்டு.

படம் எடுக்க அனுமதி இல்லாத இடங்களில் டைரி ஒன்றுதான் கைகொடுக்கும். ஜப்பானில் கியோட்டோவின் நிஜோ கோட்டையில் நினோமாரு அரண்மனைக்குள் கேமராவைத் தொடக்கூடாது. அங்கே தாழ்வாரப் பலகைகள் மிதிக்க மிதிக்கக் குருவி மாதிரிக் கீச்சிடும். முன்னால் போகிறவரின் எடையைப் பொறுத்துச் சத்தம் மாறுவதைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். அன்றிரவு எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு அந்த அரண்மனை வெறும் இருட்டான கூடமாகத்தான் மிஞ்சியிருக்கும்.

செலவு என்று பார்த்தால் களைப்பான இரவுகளில் பத்து நிமிடம். ஒருவருக்கு எழுதப் பிடிக்காவிட்டால் வற்புறுத்தினால் சண்டைதான் வரும். அவர் ஒரு கோட்டோவியமோ, அன்றைய சீட்டோ, ஒரே ஒரு வார்த்தையோ வைத்தால் போதும். தண்ணீரில் கரையும் ஃபவுன்டன் பேனா மையை விட்டுவிட்டு, தண்ணீரில் கரையாத நிறமி மை ஊற்றிய பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் சீட்டும் ரசீதும் ஒட்டுவதாக இருந்தால் கவனம்: அவற்றில் பல வெப்பத்தால் அச்சாகும் தாள். சூட்டிலும் வெளிச்சத்திலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் சில வருடத்தில் வெள்ளையாகிவிடும். அன்றே ஒரு படம் எடுத்துவையுங்கள். பாஸ்போர்ட் முத்திரையை நம்பியும் இருக்க முடியாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 2025 அக்டோபரில் தொடங்கிய முறையில், வெளிநாட்டுப் பயணிகளுக்கு முத்திரைக்குப் பதிலாக முகப்படத்தையும் கைரேகையையும் கணினியில் பதிகிறார்கள்.

ஒலியும் வீடியோவும்

இவற்றைச் சேர்த்தே பேசுவார்கள், நான் பிரிக்கிறேன். தொகுத்த வீடியோ பார்க்க அழகு. ஆனால் ஒருவர் கேமரா பிடிக்க, இன்னொருவர் "மறுபடி நடந்து வா" என்பதற்குக் கட்டுப்பட்டு நடக்க, பயணத்தில் ஒரு பங்கு படப்பிடிப்பாகவே போகிறது. திரும்பி வந்தபின் வெட்டி ஒட்டும் வேலை ஆல்பத்தைவிட அதிகம். தொகுப்பதையே ரசித்துச் செய்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

ஒலி அப்படி இல்லை. சந்தை இரைச்சல், தேவாலய மணி, ரயில் அறிவிப்பு, அறைக்குத் திரும்பும் வழியில் இருவரும் பேசிக்கொண்டது என்று அரை நிமிடம் போனில் பதிந்தால் போதும். படத்தால் இதைத் தர முடியாது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. அலிக்ஸாண்ட்ரா பராஷும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், விருப்பப்படி படம் எடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாக நினைவிருந்தது, காதால் கேட்டது குறைவாகவே நினைவிருந்தது. கேமரா கண்ணுக்குக் கொடுப்பதைக் காதிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

படம் எடுப்பதிலும் எப்படி எடுக்கிறோம் என்பது முக்கியம். லிண்டா ஹென்கெலின் 2014 ஆய்வில், சொன்ன பொருள்களை அருங்காட்சியகத்தில் வரிசையாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அந்தப் பொருள்கள் குறைவாகவே நினைவிருந்தன. ஒரு பகுதியை நெருங்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. கோபுரத்தை முழுதாகச் சுட்டுவிட்டு நகர்வதைவிட, அதில் உங்களுக்குப் பிடித்த ஒரு மூலையைத் தேடிப் பிடிப்பது மேல்.

பேச்சைப் பதியும்போது மற்றவரிடம் சொல்லிவிட்டுப் பதியுங்கள். சில வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

நினைவுப் பொருள்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பொருளுக்குத் தானாகப் பேசத் தெரியாது. எங்கே, யாரிடம், எதற்காக வாங்கினோம் என்று அடியில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டாவிட்டால் சில வருடத்தில் அது தூசி தட்டும் வேலையாகிவிடும். பயணத்துக்கு ஒன்று, அதுவும் தினம் கையில் புழங்குவது என்றால் சரி.

சட்டம் இங்கேதான் குறுக்கே வரும். பவளம், ஆமையோடு, தந்தம் போன்றவற்றை எல்லை தாண்டிக் கொண்டுவருவதை அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடப்பில் இருக்கும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் தடுக்கிறது அல்லது அனுமதிச் சீட்டு கேட்கிறது. கடையில் வெளிப்படையாக விற்றார்கள் என்பது விமான நிலையத்தில் செல்லாது. இத்தாலியின் சார்டினியா தீவில் கடற்கரை மணலையும் கூழாங்கல்லையும் பாட்டிலில் அடைத்து எடுத்துவந்தாலே அபராதம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குள் நுழையும்போது மரம், விதை, இறகு எதுவானாலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

அங்கேயே ஒன்றை விட்டுவரும் ஆசையும் காதலர்களுக்கு உண்டு. பாரிஸில் 'போன் தே ஸார்' என்ற பாலத்தில் ஜோடிகள் காதலின் அடையாளமாகப் பூட்டிவிட்டுப் போன பூட்டுகளின் பாரத்தில் 2014-இல் கைப்பிடிக் கம்பிவலையின் ஒரு பகுதி சரிந்தது. அடுத்த வருடம் ஏறத்தாழ 45 டன் பூட்டுகளை நகராட்சி அகற்றியது. இதை மட்டும் செய்யாதீர்கள் என்று எல்லா ஜோடிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.

அதே ஊருக்கு மறுபடி போவது

பிடித்த நினைவை மீட்க நேரே அங்கேயே போய்விடலாம் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரே மாதிரியான புதிய நினைவு பழையதன் மேல் படியும். அதே விடுதி, அதே அறை, அதே மாதம் என்று அச்சு அசலாகத் திரும்பச் செய்தால், எது முதல் முறை நடந்தது, எது இரண்டாவது என்று சீக்கிரமே குழம்பிவிடும். அதே ஊருக்கு வேறு பருவத்தில் போங்கள், வேறு பகுதியில் தங்குங்கள், பழைய இடம் ஒன்றை மட்டும் எட்டிப் பாருங்கள். இருவரில் ஒருவருக்கு மட்டும்தான் அந்த ஊர் மேல் அவ்வளவு பிரியம் என்றால், இந்த விடுமுறையை அவருக்காக மற்றவர் கொடுக்கிறார் என்பதைப் பேசித் தெரிந்துகொண்டு போவது நல்லது. முதல் பயணத்தில் உடம்பு சரியில்லாமலோ அவசரத்திலோ பாதியை இழந்தவர்களுக்கு மறுபயணத்தைத் தயங்காமல் சொல்வேன்.

இனி போகிறவர்கள், ஏற்கெனவே போய்வந்தவர்கள்

இனிமேல் கிளம்புகிறவர்களுக்கு என் தேர்வு: இருவர் டைரி, அப்புறம் தினம் ஓர் ஒலித்துணுக்கு. வாழ்நாளில் ஒருமுறை என்று போகும் பயணமானால் வந்த மாதமே ஒரு மெல்லிய ஆல்பம்.

போய்வந்து வருடங்கள் ஆகிவிட்டன, ஒன்றும் எழுதிவைக்கவில்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் வரிசை முக்கியம். சேர்ந்து உட்கார்ந்து "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். வெல்டன், பெல்லிஞ்சர் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் காட்டியபடி, சேர்ந்து நினைவுகூரும் குழு, தனித்தனியே எழுதிக் கூட்டினால் கிடைப்பதைவிடக் குறைவாகத்தான் சொல்கிறது. ஒருவர் பேச ஆரம்பித்ததும் மற்றவரின் நினைவோட்டம் அறுந்துபோகிறது. ஆகவே முதலில் தனித்தனி அறையில், படங்களைப் பார்க்காமல், ஆளுக்கு ஒரு தாளில் நினைவில் நிற்பதையெல்லாம் எழுதுங்கள். பிறகு தாளை மாற்றிப் படியுங்கள். போனில் கிடக்கும் படங்களைத் திறப்பது அதற்கும் அப்புறம். இரண்டு தாளிலும் உள்ள தருணங்களுக்கு எந்தப் படம் பொருந்துகிறது என்று தேடினால், ஆயிரம் படத்திலிருந்து எதைப் பொறுக்குவது என்ற மலைப்பே இருக்காது. ஆல்பம் அச்சடிப்பதானால் அந்த இரண்டு தாள்களையும் ஸ்கேன் செய்து, கையெழுத்தோடு அப்படியே முதல் பக்கங்களில் வையுங்கள்.